ஊர் ஜீப்பு

சித்திரபுரம் வாசகசாலை ஆண்டுமலருக்கு இரண்டு பேர் கதை கொடுத்தார்கள். மாரீஸ்வரியின் கதை அச்சில் வந்தது; செல்வலட்சுமியின் கதை திரும்பி வந்தது. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் செல்வலட்சுமிக்கு அடங்கவே இல்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற மாரீஸ்வரி எழுத்தாளராம். தோட்டத்து லய வீடுகளில் அத்தனை பேருக்கும் சர்க்கார் மொழியான மலையாளத்தில் மனு எழுதிக் கொடுக்கிற தான் ஒன்றுமே இல்லையாம்.

குற்றம் கண்டுபிடிக்கவே அந்தக் கதையை ஏழு முறை படித்தாள். கதையில் ஊரார் சேர்ந்து ஒரு ஜீப்பு வாங்கி, ஒருவனை ஓட்ட வைக்கிறார்கள். சாவி கைக்கு வந்ததும் வண்டியே தன்னுடையது என்று நினைத்து, ஏற வந்தவர்களை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான் அவன். ஞாயிற்றுக்கிழமை கிராம சபையில் மாரீஸ்வரி இதை வாசிக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் செல்வலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது அதை நிறுத்திவிட வேண்டும். வார்டு மெம்பர் ஈஸ்வரனிடம் போய், கதை உங்களைத்தான் திட்டுகிறது என்று வத்தி வைத்தாள்.

ஈஸ்வரன் மெம்பராவதற்கு முன்னால் ஜீப்பு ஓட்டியவர். "நானும் படிச்சேன் தாயி. நான் வண்டிய வித்து நாலு வருசமாச்சே" என்றார்.

இவருக்கு எப்படிப் புரியவைப்பது? அது ஜீப்பே இல்லை, பஞ்சாயத்து என்றாள். சாவி என்பது ஓட்டுப் போட்டவர்கள் கொடுத்த அதிகாரம் என்றாள். "வண்டி நம்ம எல்லாத்துக்கும் சொந்தம்ணே. ஓட்டுறவருக்கு அஞ்சு வருசந்தான். ரோட்டுல நிக்கிறது, பாதையில்லாத மேல் லயத்து சனம்."

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

ஈஸ்வரன் எழுந்து மேல் லயத்துப் பக்கம் பார்த்தார். பிறகு, மாரீஸ்வரி வாசிக்கட்டும், வாசித்து முடித்ததும் நீ எழுந்து இதையெல்லாம் சபையில் சொல் என்றார். மறுக்க செல்வலட்சுமிக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி வாசித்தாள். ஜீப்புக் கதை என்று சனம் சிரித்தது. செல்வலட்சுமி விளக்கினாள், சிரிப்பு அடங்கியது. மேல் லயத்துக்காரர் ஒருவர் எழுந்து, அப்படியென்றால் எங்கள் பாதை எங்கே என்று கேட்டார். பாதை போடத் தீர்மானம் ஆனது. எல்லோரும் மாரீஸ்வரியைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சபைக் குறிப்பை மலையாளத்தில் எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவள் செல்வலட்சுமி. ஈஸ்வரன் சொல்லச் சொல்ல எழுதினாள்: தீர்மானத்துக்குக் காரணமான கதை, அதை எழுதிய மாரீஸ்வரியின் பெயர். அடுத்து விளக்கியவர் பெயர் வரும் என்று பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

"அவ்வளவுதான் தாயி" என்றார் ஈஸ்வரன்.