குழாய்க்குள் ஒன்பது றாத்தல்

தேயிலையைப் பற்றி அலோசியஸ் டீமேக்கருக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் அது தேயிலைக்கே தெரியாது என்று மூணுபாறைத் தோட்டத்தில் சொல்வார்கள். வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்த்தால் போதும், எத்தனை மணிக்கு அரைக்கப் போடலாம் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், அறுபத்தோராம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசைக்கும் போகாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கக்கூஸுக்குள் வாளி வாளியாகக் கொதிநீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

எல்லாம் மனைவி இராசம்மாவால் வந்த வினை என்பது அவருடைய கட்சி. பாதிதான் உண்மை.

சனிக்கிழமை மாலை தோட்ட நிர்வாகியான தொரையிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. கொழும்புக்குப் போன தேயிலைப் பெட்டிகளில் நிறை குறைகிறதாம். அதனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உத்தியோகத்தர் வீடுகளையெல்லாம் தானே வந்து சோதிக்கப் போகிறாராம். அனுமதிச் சீட்டில்லாத தேயிலை எந்த வீட்டில் இருந்தாலும் வேலையும் வீடும் அன்றைக்கே போய்விடும். போகிற போக்கில், புதிதாகக் கட்டிக்கொடுத்த தண்ணீர்க் கக்கூஸுகளையும் ஒரு பார்வை பார்ப்பாராம்.

தேயிலை ஆலையான ஸ்டோரில் நின்று இதைப் படித்த அலோசியஸ், "எவன் மாட்டப் போறானோ" என்று சிரித்தார். சிரித்து முடிக்கும்போதுதான் தன் வீட்டு அலமாரியில் இருக்கும் இரண்டு பிஸ்கட் டின்கள் ஞாபகத்துக்கு வந்தன. ருசி பார்க்கவென்று எடுக்கும் தேயிலையில் மிஞ்சுவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது அவருக்கு வழக்கம். அது களவு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தையல்காரன் வீட்டில் துண்டுத்துணி கிடக்காதா, அந்த மாதிரி. இராசம்மா அதைச் சேர்த்துச் சேர்த்து ஒன்பது றாத்தல், கிட்டத்தட்ட நாலு கிலோ, ஆக்கி வைத்திருந்தாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அவர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடியபோது டின்கள் இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. செய்தி அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது.

"எங்க கொட்டுன?" என்றார்.

"கக்கூஸுலதாங்க," என்றாள் இராசம்மா பெருமையாக. "சங்கிலிய இழுத்தா எதப் போட்டாலும் போயிடும்னு மேசன் சொன்னான்ல? எட்டுத் தடவ இழுத்தேன். நல்லாத்தான் போச்சு. ஒம்பதாந் தடவ போகல."

"போகலன்னதும் என்ன செஞ்ச?"

"பத்தாந் தடவ இழுத்தேன்."

அந்த வீட்டில் தண்ணீர்க் கக்கூஸ் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் வாளிதான். சுவரில் தொங்கும் சங்கிலியின் மேல் இராசம்மாவுக்கு அந்தோனியார் சுரூபத்தின் மேல் இருந்த அளவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதற்காக அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மேசனைக் கூப்பிடலாம் என்றால், குழாயிலிருந்து என்ன வந்தது என்று பொழுது விடிவதற்குள் தோட்டம் முழுக்கச் சொல்லிவிடுவான். தானே எடுத்தால்தான் உண்டு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எடுத்தாக வேண்டும்.

அப்படித்தான் அவர் மறுநாள் காலையில் கொதிநீரை ஊற்றினார். எண்ணெய்ப்பிசுக்கு அடைத்தால் வெந்நீரில் இளகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் தேயிலையோடு குடித்தனம் நடத்தியவருக்கு, காய்ந்த தேயிலையில் கொதிநீர் ஊற்றினால் அது என்ன செய்யும் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

தேயிலை அதன் வேலையைச் செய்தது. ஊறியது, உப்பியது, விரிந்தது. பீங்கானின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளதளவென்று ஏறி நின்றது. மணமென்றால் அப்படியொரு மணம். அவருடைய ஸ்டோரிலிருந்து அதுவரை போனதிலேயே உயர்ந்த ரகமான பி.ஓ.பி. தேயிலையின் மணம், கக்கூஸ் ஜன்னல் வழியாகக் கொல்லைக்கும் கொல்லையிலிருந்து ரோட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

இராசம்மா எட்டிப் பார்த்தாள். "நெறம் நல்லாத்தாங்க எறங்கியிருக்கு," என்றாள்.

"வாய மூடிக்கிட்டு ஜன்னல மூடு!"

அவர் போஞ்சிக்கொடிக்கு ஊன்றியிருந்த மூங்கிலைப் பிடுங்கிவந்து பீங்கானுக்குள் விட்டுக் குத்தினார். வளைவு வரைக்கும் போன மூங்கில் அதற்கு மேல் போகமாட்டேன் என்றது. ஓங்கிக் குத்தியதில் தேயிலைத் தண்ணீர் முகத்தில் தெறித்ததுதான் மிச்சம். வேர்த்து விறுவிறுத்து அவர் கொல்லைப்பக்கம் வந்தபோது, அங்கே விளக்குமாறும் கையுமாகக் காளியாயி நின்றுகொண்டிருந்தாள். உத்தியோகத்தர் வீட்டு வாசல்களையும் வடிகான்களையும் கூட்டுகிற வாசக்கூட்டி அவள்.

"இன்னைக்கி வேல இல்ல. போயிட்டு நாளைக்கி வா," என்றார் அலோசியஸ் அவசரமாக.

காளியாயி போகவில்லை. மூக்கை லேசாக உயர்த்தி ஒரு மூச்சு இழுத்தாள்.

"யாரு வீட்டுலங்கய்யா பி.ஓ.பி. ஊறுது?" என்றாள். "போன மாசம் வெயில்ல எடுத்த கொழுந்து மாதிரில்ல இருக்கு."

அலோசியஸின் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கால் அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் அவர். மற்றவள் பதினைந்து வருஷம் அவருடைய ஸ்டோரில் சல்லடையில் நின்று தேயிலை அரித்த இந்தக் காளியாயி. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து போகும்போது அவளுடைய முந்தானை முடிச்சில் ஒரு பிடி தேயிலை இருந்தது. மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், கழிவுத் தூளில்லாமல் ஒரு நல்ல தேத்தண்ணி கேட்டாள் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அலோசியஸ் கேட்கவில்லை. ஒரு பிடியும் களவுதான் என்று தொரைக்கு எழுதிக் கொடுத்தார். தொரை அவளை ஸ்டோரிலிருந்து எடுத்து வாசல் கூட்டப் போட்டுவிட்டார்.

இப்போது இவள் தொரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் அதில் நியாயம் வேறு இருக்கிறதே என்று நினைத்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

காளியாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மேல இருந்து குத்தாதீங்கய்யா. குத்தக் குத்த இறுகிப்போகும். ரெண்டு மூடிக்கல்லு இருக்குல்ல, ரெண்டையும் தொறங்க."

வீட்டை ஒட்டி ஒரு மூடிக்கல், கொல்லை ஓரத்தில் பெரிய குழிக்குப் போகும் முன்னால் இன்னொன்று. அலோசியஸ் கடப்பாறையால் நெம்பி இரண்டையும் திறந்தார். வீட்டுப் பக்கத்துத் தொட்டி தளும்ப நிறைந்திருந்தது. கொல்லை ஓரத்தில் இருந்தது காய்ந்து கிடந்தது.

"மேல ரொம்பியிருந்து கீழ காஞ்சிருந்தா, அடப்பு ரெண்டுக்கும் நடுவுல," என்றாள் காளியாயி, திரும்பாமலே. "கீழ எறங்கி மேல் நோக்கிக் குத்துங்க. அடப்பு ஒடைஞ்சா தண்ணியே மிச்சத்தக் கொண்டாந்து தள்ளும். மூங்கிலப் பொளந்து பிளாச்சா எடுத்துக்கங்க, அதுதான் வளையும். நுனியில சாக்கக் கட்டுங்க."

"நீயே கொஞ்சம் கை குடுத்தா..." என்று இழுத்தார் அலோசியஸ்.

"வேணாங்கய்யா. கைய வெச்சா நாளைக்கி தொரை கேப்பாரு, காளியாயி நீ என்ன பாத்தன்னு. இப்ப நான் ஒண்ணும் பாக்கல. சும்மா ஒக்காந்திருக்கேன்."

அது அவருக்காகச் சொன்னதா, அவளுக்காகச் சொன்னதா என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சொன்னதைச் செய்தார். கீழ்த்தொட்டிக்குள் இறங்கினார். சாக்குக் கட்டிய பிளாச்சைக் குழாய்க்குள் விட்டார். பத்தடி உள்ளே போய் அது மெத்தென்று எதிலோ முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

"சல்லட அடச்சா அடிப்போமாங்கய்யா? தட்டுவோம்ல? திருவுங்க. கொஞ்சம் இழுங்க. மறுபடி திருவுங்க."

பதினைந்து வருஷமாக அவளுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்த பாடம் அது. அலோசியஸ் திருகினார், இழுத்தார், மறுபடி திருகினார். சாக்கு நுனியில் கறுப்பாக ஒரு கட்டி வந்தது. பிறகு இன்னொன்று. குழாய்க்குள் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவருக்கு அப்படியொரு உற்சாகம் வந்தது, முகத்தைக் குழாய் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் உள்ளே பார்த்தார்.

"நேரா குனியாதீங்க! வர்றப்ப சொல்லிக்கிட்டு வராது..."

சொல்லாமல்தான் வந்தது. ஒன்பது றாத்தல் தேயிலையும் அதோடு சேர்ந்த மற்றதும் ஒரே பாய்ச்சலாக வந்து டீமேக்கரை நெஞ்சோடு அறைந்து தொட்டிக்குள் உட்காரவைத்துவிட்டுக் குழியைப் பார்த்து ஓடின. அதே நேரம் உள்ளேயிருந்து இராசம்மா சங்கிலியை இழுத்தாள். தண்ணீர் கடகடவென்று போகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"போயிடுச்சுங்க! பதினோராந் தடவ போயிடுச்சுங்க!" என்று அவள் கத்தினாள்.

அலோசியஸ் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே கைகொட்டிச் சிரித்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் செம்பழுப்பு. காளியாயியும் அப்போதுதான் திரும்பிப் பார்த்து, பார்த்த வேகத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சிரிப்பு அடங்கவில்லை, அதற்குள் ஒரு நாய் கொல்லைக்குள் ஓடிவந்தது. தொரையின் நாய். பின்னாலேயே தொரை. ஞாயிற்றுக்கிழமை நடை அவருக்கு உண்டு. தமிழ் பேசப் பழகியவர், யாரைக் கண்டாலும் தமிழிலேயே பேசுவார்.

"டீமேக்கர்! இது என்ன? வாசக்கூட்டி வெளியே நிக்கிறது, நீ உள்ளே நிக்கிறது?"

"அடப்பு, சேர்," என்றார் அலோசியஸ்.

தொரை மூச்சு இழுத்தார். அவரும் தேயிலையில் ஊறியவர்தானே. புருவம் மெல்ல மேலே போனது. நாய் மூடிக்கல்லில் தெறித்துத் தேங்கியிருந்த தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் நக்கியது.

காளியாயிதான் முந்திக்கொண்டாள். "தொரைங்களே, நாத்தம் போகணும்னு அம்மா தேத்தண்ணிச் சக்கைய இதுல போட்டுட்டாங்க. சக்கை போயி அடச்சிக்கிச்சு."

"எவ்வளவு நாள் சக்கை?"

"ரொம்ப நாளுங்க," என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

தொரை சிரித்துவிட்டார். "கெட்டிக்காரி. இந்தப் பொம்பளைய எங்கேயோ பார்த்தது. யார் இது?"

அலோசியஸ் தப்பித்துவிட்டார். 'வாசக்கூட்டி, சேர்' என்று ஒரு சொல் சொன்னால் தொரை நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவருடைய மீசையிலிருந்து தேயிலைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவரைக் காப்பாற்றியவள் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றாள். வெட்கம் தாங்க முடியவில்லை.

"ஸ்டோர்ல சல்லடையில நின்ன காளியாயி, சேர். அவள எனக்குத் திரும்ப வேணும். அவள மாதிரி அரிக்க ஆளில்ல."

"ஓ! தேயிலைக் களவு! ஒரு பிடியும் களவுதான்னு நீதானே எழுதிக் குடுத்தது?"

"நான்தான் எழுதுனேன், சேர். ஒரு பிடிக்காகப் பதினஞ்சு வருஷ வேலையப் புடுங்கிட்டேன். அது தப்பு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதக் களவுன்னு சொல்ற யோக்கியத அன்னைக்கி எனக்கு இல்ல, சேர்."

தொரை டீமேக்கரின் சட்டையைப் பார்த்தார், கல்லில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், அதை நக்கிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அலோசியஸ் நிச்சயமாக நினைத்தார். வேலை போனது, வீடு போனது என்று மனதுக்குள் கணக்குத் தீர்த்தும்விட்டார்.

"நாளைக்கு இவளை ஸ்டோருக்கு வரச் சொல்லு," என்றார் தொரை கடைசியில். "உன் வீட்டுக்கு நாளைக்கு நான் வரலை. கக்கூஸ் பார்த்தாச்சு." நாயைச் சீட்டியடித்துக் கூப்பிட்டார். இரண்டடி போனவர் திரும்பினார். "டீமேக்கர், இனிமே அதுல சக்கை போடக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, சேர்."

தொரை மறைகிற வரைக்கும் இருவரும் அசையவில்லை. பிறகு அலோசியஸ் தொட்டியிலிருந்து ஏறி வந்தார். நெஞ்சு லேசாகிவிட்டது. பேச்சிலும் கொஞ்சம் பழைய டீமேக்கர் திரும்பி வந்துவிட்டார்.

"காளியாயி, இனிமே மகளுக்குத் தேயில வேணும்னா முந்தானையில முடியாத. என்னயக் கேட்டு வாங்கிக்க. நான் குடுக்குறேன்."

"சரிங்கய்யா." அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போல அவரைப் பார்த்தாள். "நீங்க இம்புட்டு நாளும் யாரக் கேட்டு வாங்குனீங்க?"

அவள் சிரித்துக்கொண்டே கானைக் கூட்டப் போனாள், அவர் குனிந்து மூடிக்கல்லைத் தூக்கினார்.