தலையீற்றுக் கிடாவின் கிழிந்த உதடு

பெதாயா வாயைத் திறந்தால் வீரம்தான் வரும். கலிலேயாவிலேயே ஓநாயை வெறுங்கையால் பிடித்தவன் அவன் ஒருவன்தான், பார்த்தவர்தான் யாருமில்லை. இப்போது புதுக்கதை. அடுத்த வீட்டு மல்கியாவின் கிடாவை நேருக்கு நேர் நின்று உதைத்து உதட்டைக் கிழித்தானாம். கிணற்றடியில் ஊருக்கே சொல்லிவிட்டான்.

அது தலையீற்றுக் கிடா, பிறக்கும்போதே புனிதம். ஆலயம் இடிந்தபின் பலியிட வழியில்லை. தானாக ஒரு பழுது வந்தாலொழிய அறுத்துத் தின்னவும் கூடாது. ஆலயத்தில் பலியிட்டுவந்த ஆசாரியர் குலத்து மல்கியா தீனி போட்டே ஓய்ந்துவிட்டான், பாவம். அது மேய்ந்த மேய்ச்சலில் அவன் திராட்சைத் தோட்டத்தில் இப்போது குச்சிகள் மட்டும்தான் நிற்கின்றன. உதட்டைப் பார்த்ததும் கிடாவை, சட்டம் சொல்லும் ரபியிடம் இழுத்துக்கொண்டு ஓடினான். ஆனால் இந்த விஷயத்தில் ஆசாரியன் பேச்சு எடுபடாது. கறி ஆசையில் அவனே கிழித்திருக்கலாமே! அதனால் சாட்சிக்குப் பெதாயா வந்தான். வேடிக்கை பார்க்கக் கிணற்றடிக் கூட்டமும் வந்தது.

"நின்னுக்கிட்டேவா உதைச்சே?" என்று ரபி கேட்டார்.

"பின்னே? பெதாயா ஓடுவானா, ரபி?"

"வேணும்னே உதைச்ச காயம் செல்லாதுப்பா. அது தொரத்தி, நீ தப்பிக்க உதைச்சிருந்தாத்தான் அறுக்கலாம்."

மல்கியா பெதாயாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய், நல்லா யோசிச்சுச் சொல்லுடா. கொஞ்சமாச்சும் ஓடியிருப்பேல்ல?"

"ஒரு அடிகூட இல்ல."

ரபி பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. மல்கியா, ஓட்டிக்கிட்டுப் போ. ஆயுசு முழுக்க அது உன் வீட்லதான்."

பெதாயா கம்பீரமாகத் தலையாட்டினான். பிறகுதான் உறைத்தது. மல்கியா வீடு என்றால் தன் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். கிடா அவனையே பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ரபி..." என்று இழுத்தான். "ஓடினேன்."

"எதுவரைக்கும்?"

"அத்திமரம் வரைக்கும். ஏறும்போது காலை முட்ட வந்துச்சு. அப்பத்தான் உதைச்சேன். நின்னு உதைச்சேன்னதெல்லாம் பொய்."

மானம் போனது போனதுதான். ஊரே சிரிக்கப்போகிறது என்று தலையைக் குனிந்து நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தாங்கள் முட்டு வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"அறுக்கலாம்," என்றார் ரபி. பிறகு குனிந்து, மெல்லக் கேட்டார். "கீழ்க்கிளையா, மேல்கிளையா?"

"மேல்கிளை, ரபி."

"நல்லதாப் போச்சு. கீழ்க்கிளைக்கு அது எம்பிடும்."