ரங்கநாயகியின் கூஜா

பதினோரு வருஷமாக செல்வமேரி அசிஸ்டெண்ட். அந்தப் பெண்கள் கல்லூரியில் பந்துக்குக் காற்றடிப்பது, கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போடுவது, பிய்ந்த சட்டைக்கு ஊக்கு குத்துவது, பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். போட்டோவில் நடு நாற்காலியில் உட்காருவது மட்டும் வேறொருத்தி. ஐம்பத்து மூன்றிலிருந்து மூன்று பேர் சென்னையில் உடற்பயிற்சி டிப்ளமா வாங்கிக்கொண்டு வந்து விளையாட்டு டைரக்ட்ரஸ் என்று உட்கார்ந்தார்கள். கல்யாணமாகியோ வேறு ஊர் பிடித்தோ போனார்கள். செல்வமேரி விசிலும் கழுத்துமாக வெயிலில் நின்றாள். கையில் காகிதம் இல்லையே, என்ன செய்வாள் பாவம்!

அறுபத்து நாலில் மூன்றாமவளும் போனபோது கல்லூரித் தலைவி மதர் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜூனோட அசிஸ்டெண்ட் போஸ்டையே எடுத்துடப் போறாங்க செல்வமேரி. இந்த வருஷம் கூடைப்பந்து ஷீல்டு ஜெயிச்சுக் குடு. டிப்ளமா இல்லாட்டியும் உன்னையே டைரக்ட்ரஸா போடச் சொல்லி நான் பேசறேன். ஜெயிக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவளுக்கு முப்பத்தைந்து வயது. பாலக்கரை வீட்டில், பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டயரான அப்பா பாக்கியநாதன் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இருந்த ஒரே நம்பிக்கை ரங்கநாயகி. மூலையிலிருந்து எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழும். இரண்டு வருஷத்துக்கு முன் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய், அவள் வீட்டில் கெஞ்சிக் கேட்டவள் செல்வமேரிதான். அப்பா போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா.

"பந்து ஆடட்டும். ஆனா ஆத்து ஆசாரத்துல ஒண்ணும் குறையப்படாது. நீங்க பார்த்துப்பேளா?" என்றார்.

"என் பொறுப்புங்க ஐயா" என்று செல்வமேரி வாக்குக் கொடுத்தாள்.

முதல் வருஷம் முழுக்க ரங்கநாயகி வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெளியே எங்கும் வாய் நனைக்க மாட்டாள். ஒருநாள் கூஜாவை மறந்துவிட்டு வந்தவள், கொஞ்ச நேரம் தயங்கி நின்று, "மிஸ், உங்க டம்ளர்ல குடுங்கோ" என்று வாங்கி அண்ணாந்து குடித்தாள். அப்புறம் கூஜா வரவேயில்லை. பதினோரு வருஷத்தில் செல்வமேரிக்குக் கிடைத்த மெடல் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஃபைனலுக்குத் தேதி வைக்கும் கூட்டத்தில், வாயே திறக்காத அசிஸ்டெண்ட் அன்றைக்கென்று எழுந்து ஒரு தேதி சொன்னாள். அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி, ஊருக்கே லீவு, கூட்டம் அள்ளும் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வைகுண்ட ஏகாதசி என்றால் அவளுக்கு லீவு, பஸ்ஸில் நெரிசல், அவ்வளவுதான். மாதா கோவிலுக்கும் மைதானத்துக்கும் நடந்தே வயதானவளுக்கு வேறென்ன தெரியும்? ரங்கநாயகியும் "சரி மிஸ்" என்று மட்டும்தான் சொன்னாள்.

ஃபைனல் அன்று மாலை, மதுரைப் பெண்கள் பாய்ந்து பாய்ந்து ஆடினார்கள். ரங்கநாயகியின் பந்து வளையம்வரைகூடப் போகவில்லை. ஓடுகிறவள் நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். பாதி ஆட்டத்தில் பன்னிரண்டுக்குப் பத்தொன்பது. முன்வரிசையில் மதர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்னடி ஆச்சு?" செல்வமேரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நேத்தி ராத்திரியிலேர்ந்து உபவாசம் மிஸ். விடியக்காலம் பரமபதவாசல் சேவிக்கக் கூட்டத்துல நின்னது வேற."

"கடவுளே! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஆசையா தேதி வெச்சேள். எப்படிச் சொல்றது?"

"கொஞ்சம் குளுக்கோஸ் மட்டும் குடிம்மா. ரங்கா, உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அபசாரம், அப்படியெல்லாம் சொல்லாதீங்கோ. அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வெறும் தண்ணி போறும்."

செல்வமேரி மேஜைப் பக்கம் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் பதினோரு வருஷமும் கொதித்தது. ஜூன் மாதம் தெரிந்தது, கண் தெரியாத அப்பா தெரிந்தார். மாதாவே, இன்றைக்கு மட்டும் மன்னித்துவிடு. டப்பாவிலிருந்து நாலு கரண்டி குளுக்கோஸை டம்ளரில் போட்டு வேகவேகமாகக் கலக்கினாள். எலுமிச்சம்பழம் பிழியவில்லை, நிறம் காட்டிக்கொடுத்துவிடுமே! வறண்ட நாக்குக்கு ருசி எங்கே தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரங்கநாயகி ஒரு வாய் ஊற்றியதும் நிறுத்தினாள்.

"மிஸ், இதுல என்னமோ கலந்திருக்கா?"

"வெறும் தண்ணிதாம்மா. நம்ம கிணத்துத் தண்ணி எப்பவும் இனிக்கும்ல?"

ரங்கநாயகி அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொன்னா சரி மிஸ்" என்று அண்ணாந்து மிச்சத்தையும் குடித்தாள்.

அப்புறம் ஆட்டமா அது! மூலையிலிருந்து ஆறு, நடுவிலிருந்து நாலு என்று புள்ளிகள் ஏறின. கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி குறைவாக இருந்தபோது, மதுரைப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் உள்ளே. முப்பத்தொன்று, முப்பது. கூட்டம் கோர்ட்டுக்குள் புகுந்தது. செல்வமேரி சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியாமல் நின்றாள்.

பெண்ணை அழைத்துப் போக வந்திருந்த அப்பா கேட்டருகே கைகூப்பினார்.

"பட்டினி வயத்தோட ஜெயிச்சிருக்கா. எல்லாம் பெருமாள் அனுக்ரஹம். சொன்ன வாக்கக் காப்பாத்திட்டேள்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று செல்வமேரி வாயெடுப்பதற்குள் ரங்கநாயகி முந்திக்கொண்டாள்.

"ஆமாம்ப்பா. மிஸ் வெறும் தண்ணிதான் குடுத்தா."

தரையைப் பார்த்துச் சொன்னாள். செல்வமேரிக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. தான் சொன்ன பொய் போதாதென்று, அந்தக் குழந்தையைக்கூடப் பெற்ற தகப்பனிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாளே!

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் மாதா கோவில் சாமியாரிடம் சொன்னாள். "குளுக்கோஸ்தானே மகளே" என்றவர், பொய்க்காக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னாள். நெஞ்சு ஆறவில்லை.

திங்கட்கிழமை மதர் ஆர்டரைக் கையில் கொடுத்தார். ஸ்போர்ட்ஸ் ரூம் சாவிக்கொத்தையும் கொடுத்து, "இனிமே நீதான் டைரக்ட்ரஸ்" என்று சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். சாவி இடுப்பில் கனத்தது.

சாயங்காலம் பிராக்டிஸுக்கு எல்லோரும் வந்தார்கள். ரங்கநாயகியும் வந்தாள், அவள் வரமாட்டாளோ என்று பயந்திருந்த செல்வமேரிக்கு உயிர் வந்தது. ஒரு மணி நேரம் நன்றாகத்தான் ஆடினாள். சொன்னதையெல்லாம் செய்தாள், "சரி மிஸ்" என்றாள்.

இடைவேளை விசில் ஊதியதும், செல்வமேரி வழக்கம்போல் முதல் டம்ளரை அவளிடம் நீட்டினாள்.

"வேண்டாம் மிஸ்" என்றாள் ரங்கநாயகி மரியாதையாக. கோர்ட்டு ஓரத்தில் கிடந்த தன் பையைத் திறந்து, பித்தளைக் கூஜாவை எடுத்தாள்.