இடது நெற்றிப்பொட்டு

றிக்சன் சங்கு குளிக்கிறவன். கிண்ணியா ஊர் றஊப்பின் தோணியில்தான் போவான். மூளைக்குப் போகும் இரத்தத்தை யாரோ அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் விளையாட்டுப் போலப் போய்வந்தார்கள். நாம் வெளியே விடும் காபனீரொட்சைட்டு கூடிய காற்றை முகமூடிக்குள் இழுக்க வேண்டும். அப்போது மூளைக்கு இரத்தம் எவ்வளவு கூடுகிறது என்று நெற்றிப்பொட்டில் கருவி வைத்துப் பார்ப்பார்கள். இனத்துக்கு இனம் அது வேறுபடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

“மூச்சு முட்டினதோ?” என்று கேட்டாள் அவன் மனைவி அஞ்சலினா.

“கடலுக்குள்ள முட்டாததோ?” என்று சிரித்தான். “வெள்ளைக்காரரை விட எனக்குக் குறைவாத்தான் கூடுதாம். எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தானாம். றஊப் நானாவுக்கும் அதே கதைதான்.”

பங்குனியில் கடல் தெளிந்தது. ஒரு காலை, தோணியில் இருந்து கண்ணாடியை முகத்தில் மாட்டப்போனவன் அப்படியே சரிந்தான். றஊப் அவனை மடியில் கிடத்திக்கொண்டு தோணியைக் கரைக்கு ஓட்டிவந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. கழுத்தின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் வெகுநாளாய் ஒடுங்கிவந்து இப்போது அடைத்துவிட்டது என்றார்கள்.

செய்தி கேட்டு, ஆராய்ச்சி செய்த டொக்டர் சுலக்ஷனா வார்டுக்கு வந்தாள். சின்னப் பெண்.

“நீங்கள் பார்த்தனீங்கள்தானே டொக்டர், ஒண்டும் தெரியேல்லையோ?” என்றாள் அஞ்சலினா.

“குறைவா இருந்தது அக்கா.”

“பிறகேன் சொல்லேல்லை?”

சுலக்ஷனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எங்கட ஆக்கள் கனபேருக்குக் குறைவாத்தான் வந்தது. இவருக்கும் அப்பிடித்தான் எண்டு விட்டிட்டம். இடது பக்கம் மட்டும்தான் பார்த்தனாங்கள். மற்றப் பக்கத்தையும் பார்த்திருந்தால், ரெண்டும் வேறயா இருக்கிறது தெரிஞ்சிருக்கும்...”

“பார்த்திருந்தால் இவர் இண்டைக்கு நடப்பாரோ?”

“தெரியேல்லை அக்கா. சத்தியமாத் தெரியேல்லை.”

ஏசத்தான் வாயைத் திறந்தாள் அஞ்சலினா. அந்தப் பெண்ணின் கண் கலங்கியதைக் கண்டதும் றிக்சனின் போர்வையை இழுத்துவிட்டாள். எங்கட ஆக்கள் என்ற அத்தனை பெரிய கூட்டத்துக்குள் தன் புருஷன் ஒருவனை யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள்.

பக்கத்தில் நின்ற றஊப் மெல்லக் கேட்டார். “எனக்கும் குறைவுதானே டொக்டர். அது பிறப்பால குறைவோ, இவனுக்குப் போல அடைச்சுக் குறைவோ?”

“கழுத்தை ஸ்கேன் எடுத்தால்தான் சொல்லலாம். எழுதித் தாறன். ஆனா இங்க நாள் கிடைக்க வைகாசி ஆகும்.”

“அதுவரைக்கும் கடலுக்குப் போகலாமோ?”

“போகாமல் இருந்தால் நல்லம்.”

“சங்கு வைகாசி வரைக்கும் பொறுக்காதே, டொக்டர்” என்றார் றஊப். குரலில் கோபமில்லை. சுலக்ஷனா ஸ்கேனுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தாள்.

அவர் றிக்சனின் கையைத் தடவிவிட்டு, “நாளைக்குக் கடலுக்குப் போயிட்டு வந்து பார்க்கிறன் தங்கச்சி” என்றார். போகாதீங்கோ நானா என்று சொல்ல அஞ்சலினாவுக்கு மனம் துடித்தது. சொன்னால், வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

றிக்சன் வாயைக் கோணி ஏதோ ஒலி எழுப்பினான். தண்ணீராக்கும் என்று கரண்டியில் எடுத்துக் கிட்டக் கொண்டுபோனாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு கதவுப் பக்கமே பார்த்தான். றஊப் அதற்குள் படி இறங்கிவிட்டிருந்தார்.