ஒரு வரிசையில் பத்துப் பேர்

செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி கேட்டுவிட்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவள் உள்ளே நுழைந்தாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருடத்துக்கு முன்பு புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றவளிடம், இந்தப் படி ஏறாதே என்றார் அப்பா. ஏறவில்லை. இப்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சண்டை பாதியில் இருக்கும்போது மனிதர் எழுந்து போய்விட்டார்.

அண்ணி உள்ளே போய், கையடக்கமான பழைய கேம் மெஷின் ஒன்றை எடுத்து வந்தாள். "மாமா கடைசியா செஞ்ச விளையாட்டு. மொத்தக் குடும்பமும் இருக்கு. பாத்துக்கோ."

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, அறுபத்துநாலு வயதில் வளைந்து இந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். ஒரு சதுரத்தை இடமிருந்து வலம் நகர்த்தவே ஒரு மாதம் ஆனதாகத் தம்பி போனில் சொல்லியிருந்தான். மகளிடம்தான் கடைசிவரை வளையவில்லை.

திரையில் ஒரு வீட்டின் முன்னால் குட்டி மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். டூல்பையோடு அப்பா, கொண்டையோடு அம்மா, தொப்பையோடு அண்ணன், அப்புறம் மருமகள்கள், தம்பி, பேரக்குழந்தைகள். எண்ணினாள். பத்து. அவளையும் சேர்த்தால் வீட்டில் மொத்தம் பதினொரு பேர். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி அவளைக் கையைப் பிடித்து அப்பாவின் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

"நீ இல்லாம இல்லக்கா. இந்த மெஷின் ஒரே வரிசையில பத்து உருவம்தான் காட்டும். பதினொண்ணாவதை முழுங்கிடும். நீ கடைசில இருக்கே."

"அது அவருக்குத் தெரியுமா?"

அவன் மேசையைப் பார்த்தான். மேசைமேல் அப்பாவின் நோட்டு கிடந்தது. புரட்டினாள். 'ஒரு வரிசையில் பத்துப் பேர்தான்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதன் கீழே பட்டியல். முதலாவது அவர், பதினொன்றாவது அவள்.

"தெரிஞ்சேதான் என்னைக் கடைசில தள்ளியிருக்கார்." நோட்டைக் கட்டிலில் வீசினாள். செத்தும் கெடுக்கிறாரே என்றிருந்தது.

"ரெண்டு வரிசையா நிறுத்தலாம்னு நானும் சொன்னேன். வேணாம், இப்படியே இருக்கட்டும்னுட்டார்." தம்பி மெஷினை அவள் கையில் வைத்தான். "அவரை நகர்த்திப் பாரு. மேல் பட்டன்."

அழுத்தினாள். அப்பா வரிசையை விட்டு மேலே நடந்தார். அவர் கால் வரிசையைத் தாண்டியதும், கடைசிப் பேரனுக்கு அப்புறம் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பெட்டி இருந்தது.

கீழ்ப் பட்டனை அழுத்தினாள். அப்பா தன் இடத்துக்குத் திரும்பினார். பெண் மறைந்தாள். மறுபடி மேலே. மறுபடி வந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரையும் வரச்சொல்லி அண்ணன் கூப்பிட்டான். தம்பி கதவைத் திறந்துகொண்டு போனான்.

திரையின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு, போக இடமில்லாமல், அப்பா கால்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.