பால் வடித்த கேக்டஸ்

சலவைக் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவள் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். குளியலறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே நாய் முனகிக்கொண்டிருந்தது. முதலாளி என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை முறைப்பதால் கிடைத்த பட்டம்.

"கதவைத் தொறக்காத," என்றார் கணவர். "வெறி பிடிச்சிருச்சு. வாயெல்லாம் நுரை. நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேன். அரை மணியில வந்துருவாங்க."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. வெறிநாய் ஊசி போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. ஏழு வருடம் வீட்டில் வளர்ந்த ஜீவனை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனும் தங்கையுமாக அனுப்பி வைக்க முடிவு கட்டியாயிற்று. தங்கைக்காரி, அதாவது அவள் நாத்தனார், சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில என்னத்தைத் தின்னுச்சு?"

"ஒண்ணும் திங்கல. இவ வாங்கிட்டு வந்த செடியைக் கடிச்சுது, அவ்வளவுதான்."

"அது கேக்டஸ் அண்ணி," நாத்தனார் முந்திக்கொண்டாள். "நாய் இருக்கிற வீட்டுல வைக்கலாமான்னு பாத்துட்டுத்தான் வாங்கினேன். முள்ளு குத்தும், மத்தபடி விஷம் கிடையாதுன்னு போன்லயே போட்டிருக்கு. என் செடி மேல பழியப் போடாதீங்க."

போனில் போட்டுவிட்டால் அப்புறம் மேல்முறையீடே கிடையாது.

அவள் ஜன்னலோரத் தொட்டியருகே போனாள். ஒரு கிளை பாதியில் கடிபட்டிருந்தது. கீழே கால்மிதியில் வெள்ளை வெள்ளையாகக் கறை. வேறு யாராவது என்றால் நாயின் எச்சில் என்று விட்டிருப்பார்கள். இருபது வருடமாகக் கறையோடு மல்லுக்கட்டுகிறவளை ஏமாற்ற முடியுமா? ஈரத்துணியால் தேய்த்தாள். போகவில்லை. கத்தி முனையால் சுரண்டினாள். ரப்பர் போலச் சுருண்டு வந்தது. அதே கத்தியால் செடியை லேசாகக் கீறினாள். கெட்டியாகப் பால் வடிந்தது.

"இங்க வந்து பாரு. இதை நாம என்னன்னு சொல்வோம்?"

நாத்தனார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"கள்ளி. முள்ளைப் பாத்தா கேக்டஸும் இதுவும் ஒண்ணு மாதிரி இருக்கும். கீறினா இதுதான் இப்படிப் பால் விடும். கள்ளின்னு சொல்லி நீட்டியிருந்தா உள்ள விட்டிருப்பேனா? கடைக்காரன் கேக்டஸ்னு சீட்டு ஒட்டினா இந்தப் பால் தண்ணியாயிடுமா?"

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு, இருவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்தப் பால் பட்டா வாய் வெந்து எச்சில் ஊத்தும்மா," என்றார் டாக்டர். "ஊசி போட்ட நாய்தானே? கையுறை மாட்டிக்கிட்டு வாயைக் கழுவி விட்டு, உடனே கூட்டிட்டு வாங்க. கண்ணுல படாம பாத்துக்குங்க."

கணவர் மூலையில் போய் நின்று, வண்டி வேண்டாம் என்று போனில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இருந்தாலும் நாய் எதுக்குச் செடியைக் கடிக்கணும்?" என்றாள் நாத்தனார்.

"அதுக்குப் போன் பாக்கத் தெரியாதுல்ல."

கடைக் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியை நகர்த்தினாள். உதடு வீங்கி, எச்சில் ஒழுக முதலாளி வெளியே வந்தது. அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அது அவளைத் தாண்டிக்கொண்டு நேரே கணவரிடம் போய், அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்து வாலை ஆட்டியது. காலை இழுக்கவும் முடியாமல் குனிந்து தொடவும் முடியாமல் அவர் நின்றார்.

அன்று யார் மேலும் வராத ஆத்திரம் அவளுக்கு நாய் மேல் வந்தது.

"ரோஷம் கெட்டதே," என்றாள். "போயும் போயும் அவர்கிட்டயா?"