கழுவுதொட்டிக்கு அடியில் ஒன்பதாம் வகுப்பு

'நகரப் பூச்சிகள்' பாடத்துக்கு மெய்நிகர் கண்ணாடி வந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்பு கழுவுதொட்டிக்கு அடியில்தான் நடக்கிறது. கண்ணாடி போட்ட மாணவிகள் கரப்பான் பூச்சியாகி அங்கே போவார்கள். மணி அடித்தால் வந்துவிடுவார்கள். செண்பகவல்லி மட்டும் செவ்வாய்க்கிழமையிலிருந்து வரவில்லை.

அவள் உடம்பு மூன்றாவது பெஞ்சில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அவள் அம்மா தூக்குவாளியோடு. பாடம் நடத்திய என்னைப் பார்த்தாலே அந்த அம்மாள் பல்லைக் கடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அலுவலக எழுத்தர் தாணுமூர்த்தியிடம் போனேன். தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. சாப்பாட்டு நேரம் முழுக்க நடந்தேன்.

"கண்ணாடியக் கழட்டிரலாமா?"

"கழட்டுனா உடம்பு மட்டுந்தான் வீட்டுக்குப் போவும். அவ வாயால 'உள்ளேன் ஐயா' சொல்லணும். இல்லேன்னா மூணு மணிக்கு ஆபீஸ் ரிஜிஸ்தர்ல பேர அடிச்சிருவேன்."

"அடிச்சா?"

"பொறக்கலேன்னு அர்த்தம். அவங்கம்மாகிட்டயும் சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினேன். ஆசிரியர்கள் சுருங்குவார்கள், மாறமாட்டார்கள். அது விதி.

உள்ளே மதியப் பாடத்துக்கு வந்த நாற்பது மாணவிகளும் கரப்பான்களாக வரிசையில் நின்றார்கள். மீசைகளெல்லாம் என் பக்கம் திரும்பின. செண்பகவல்லி தீப்பெட்டி மேல் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ரெண்டே காலு," என்று என்னைக் காட்டினாள். "கடிக்காது. மிதிக்கும்."

"அம்மா சோறு கொண்டாந்திருக்காங்க. ஒரே தடவ 'உள்ளேன் ஐயா' சொல்லிரும்மா. ஒன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"வாய மூடுங்க சார். கிளாஸ் நடக்குது."

கோபம் தலைக்கேறியது. "செண்பகவல்லி!" என்று பதிவேட்டைப் பார்த்துக் கத்தினேன். அவள் இறங்கி வந்து பதிவேட்டைப் பிடுங்கினாள். முன்னங்காலால் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஆவுடைநாயகம்."

அது என் பெயர். "உள்ளேன் ஐயா," என்று என் வாய் முந்திக்கொண்டது. சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலேயே கிடப்பவன் வேறென்ன சொல்வான்?

அவள் டிக் அடித்தாள். என் விலாவில் நான்கு கால்கள் முளைத்தன. அழுதேன். ஒருத்தியும் கண்டுகொள்ளவில்லை.

மேலே கடிகாரம் மூன்று அடித்தது.

"ஐயோ, பெஞ்சு காலியாக் கெடக்கே! ஏ செண்பகா, எங்கடி போன?"

செருப்புச் சத்தம் கழுவுதொட்டியை நோக்கி ஓடி வந்தது. நாற்பது பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். செண்பகவல்லி என்னைச் சந்துக்குள் இழுத்தாள்.

"அது உங்கம்மா," என்றேன்.

"எனக்குத் தெரியும் சார்," என்றாள். "அதுக்குத் தெரியாது."